டிரையம்ப் பானவில் டி120, டிராஃபி டிஆர்6: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் மெரிடன். 1942இலிருந்து 1983 வரை டிரையம்ப் மோட்டார் சைக்கிள்கள் அங்கேதான் தயாராயின. அங்கிருந்து வந்த பானவில் டி120 என்ற பெயரைக் கேள்விப்படாத பைக் பிரியர் அபூர்வம். அதே தொழிற்சாலையில், ஏறக்குறைய அதே பாகங்களைப் பூட்டி அனுப்பிய டிராஃபி டிஆர்6 பற்றிப் பேச அவ்வளவு ஆள் கிடையாது. இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் என்று ஒன்றைத்தான் சொல்ல முடியும்: பானவில்லுக்கு இரண்டு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி), டிராஃபிக்கு ஒன்று.

பழைய பிரிட்டிஷ் வண்டி வாங்க நினைப்பவர்களும், சும்மா தெரிந்துகொள்ளலாமே என்று வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே இருக்கின்றன. என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறுத்தி வைத்து அழகு பார்க்க, பெயர் சொல்லிக்கொள்ள பானவில். வாரா வாரம் வெளியே எடுத்து ஓட்ட டிராஃபி.

இரண்டும் ஒரே வண்டிதான் என்கிறார்களே, உண்மையா?

1963க்குப் பிறகு வந்தவற்றைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட உண்மை. இரண்டிலும் 649 சிசி, பக்கம் பக்கமாக நிற்கும் இரட்டை சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 71 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82 மி.மீ. ஃப்ரேம், ஃபோர்க், கியர்பாக்ஸ் எல்லாம் பொது.

மாறுவது சிலிண்டர் ஹெட், அதாவது சிலிண்டர்களின் மேல் மூடி. பானவில் ஹெட்டில் பெட்ரோல் கலவை உள்ளே போகும் இரண்டு வாயும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்பக்கம் பார்த்திருக்கும். ஒவ்வொன்றிலும் தனியாக ஒரு குட்டைக் குழாயைத் திருகி, அதன் முனையில் ஒரு கார்புரேட்டரை மாட்டியிருப்பார்கள். டிராஃபி ஹெட்டில் இரண்டு வாயும் நெருங்கியிருக்கும். அவற்றின் மேல் கவட்டை மாதிரி ஒரு மேனிஃபோல்டு (இணைப்புக் குழாய்), அதன் பின்முனையில் ஒற்றைக் கார்புரேட்டர். ஆரம்ப வருடங்களில் கேம்ஷாஃப்ட், கம்ப்ரஷன் இவற்றிலும் பானவில் கொஞ்சம் முறுக்கேறியதாக இருந்தது. 1960களின் பிற்பகுதிக்குள் அந்த இடைவெளியும் சுருங்கிவிட்டது.

எது முதலில் வந்தது?

டிராஃபி. இரண்டுக்கும் தாத்தா என்று பார்த்தால் 1937இல் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த ஸ்பீடு ட்வின். 498 சிசி. அந்த இன்ஜினை 649 சிசியாகப் பெரிதாக்கி 1949இல் தண்டர்பேர்டு வந்தது. பெரிய கார்களும் நீண்ட சாலைகளும் உள்ள அமெரிக்காவில் 500 போதாது என்ற புகார்தான் அதற்குக் காரணம். டிஆர்6 டிராஃபி 1956 மாடலாக வெளியானது. பானவில் 1958இன் கடைசியில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 1959 மாடலாக வந்தது. அதுவும் அவசர அவசரமாக எடுத்த முடிவு. அந்த வருட கேட்டலாக் அச்சானபோது அதில் பானவில்லுக்கு இடமே இல்லை.

பெயர்களுக்குப் பின்னால் என்ன கதை?

1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் டிரையம்ப் வண்டிகள் நன்றாக ஓடின. அந்தப் பெருமையில் அடுத்த வருடத்துக்கு டிஆர்5 டிராஃபி என்ற 500 சிசி வண்டியை விட்டார்கள். டிஆர்6 அதன் 650 சிசி வாரிசு. அதாவது டிராஃபி என்பது காடு மேடு ஏறி இறங்கிய போட்டியில் பிறந்த பெயர்.

பானவில் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள உப்புப் பாலைவனம். 1956 செப்டம்பரில் ஜானி ஆலன் என்ற டெக்சாஸ்காரர் 650 டிரையம்ப் இன்ஜின் வைத்த, சுருட்டு வடிவக் கூடு போட்ட வண்டியை அங்கே மணிக்கு 214 மைல் வேகத்தில் ஓட்டினார். சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு அதை உலக சாதனையாக ஏற்கவில்லை. டிரையம்ப் விடவில்லை. சாதனைச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் என்ன, வண்டிக்கே அந்த இடத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். 120 என்பது மணிக்கு 120 மைல் போகும் என்ற விளம்பர வாக்குறுதி. கடையில் வாங்கிய வண்டி 110ஐத் தாண்டினாலே சந்தோஷப்பட வேண்டியதுதான்.

இரண்டு கார்புரேட்டரால் உண்மையில் என்ன லாபம்?

கணக்கில் பார்த்தால் நாலைந்து குதிரைத்திறன். 1959 பானவில்லுக்குத் தொழிற்சாலை சொன்னது 6500 சுற்றில் 46 குதிரைத்திறன், டிராஃபிக்கு 42. இந்த நாலும் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி, இன்ஜினை மேல் சுற்றுகளில் வைத்திருக்கும்போது மட்டும்தான் தெரியும். மணிக்கு 50, 60 மைலில் கிராமத்துச் சாலையில் போகும்போது இரண்டாவது கார்புரேட்டருக்குப் பெரிதாக வேலை இல்லை.

ஏன் அப்படி? இந்த இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வரும். ஆனால் வெடிப்பது மாறி மாறி. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இடது சிலிண்டர், அடுத்த சுற்றில் வலது. காற்றை இழுப்பதும் அதே மாதிரி சம இடைவெளியில், முறை வைத்து. ஒரே நேரத்தில் இரண்டு சிலிண்டரும் பெட்ரோல் கேட்டு நிற்பதில்லை. அதனால் ஒற்றைக் கார்புரேட்டர் இரண்டுக்கும் பாரபட்சம் இல்லாமல் ஊட்டிவிட முடிகிறது. 1968 வாக்கில் இரண்டு வண்டியிலும் இருந்தது ஒரே 30 மி.மீ. அமால் கான்சென்ட்ரிக் 930 மாடல்தான். பானவில்லில் அது இரண்டு, அவ்வளவுதான் வேறுபாடு.

டிராஃபி கீழ்ச் சுற்றுகளில் இழுக்கும் விதம் தனி சுகம். நாலாவது கியரில் வேகம் குறைந்து ஊருக்குள் நுழைந்து, வெளியே வந்ததும் கியரைத் தொடாமல் ஆக்சிலேட்டரை மெதுவாகத் திறந்தால் முணுமுணுக்காமல் எடுத்துக்கொள்ளும். பானவில்லும் போகும். ஆனால் கார்புரேட்டர் இரண்டும் நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போனால்தான் அந்த வழுக்கல் வரும்.

டியூனிங் அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிட, அடிக்கடி செய்ய வேண்டியது என்பதே சரி. ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கேபிள் கீழே வந்து, டேங்குக்கு அடியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும் போகும். கேபிள் புதிதாக இருக்கும்போது ஒன்று கொஞ்சம் அதிகம் நீண்டுவிடும். உடனே ஒரு பக்க ஸ்லைடு (கார்புரேட்டரின் காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்) முன்னால் எழும், இன்னொன்று தூங்கும். வண்டி குறைந்த வேகத்தில் திக்கித் திக்கிப் போகும்.

சரிசெய்யும் முறை இதுதான். ஏர் ஃபில்டர் இரண்டையும் கழற்றுங்கள். இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ஒவ்வொரு விரலை விட்டு, ஆக்சிலேட்டரை மயிரிழை மயிரிழையாக வேறு ஒருவரைத் திருப்பச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடும் அதே நொடியில் அசைவது விரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே இருக்கும் கேபிள் அட்ஜஸ்டரைத் திருகி இரண்டையும் ஒத்துவரச் செய்யுங்கள். அப்புறம் வண்டியை நன்றாகச் சூடாக்கி, ஒரு பிளக்கின் வயரைப் பிடுங்கி அதை இன்ஜினோடு எர்த் செய்துவிட்டு, மற்ற சிலிண்டரில் மட்டும் ஓட விட்டு ஐட்லிங் வையுங்கள். பிறகு பக்கம் மாற்றி அதையே செய்யுங்கள். வயரை எர்த் செய்யாமல் தொங்கவிட்டால் காயில் கெட்டுப்போக வாய்ப்புண்டு. காற்றுத் திருகு முழுக்க மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே என்பது ஆரம்ப அளவு. அங்கிருந்து காதை நம்பி முன்னே பின்னே போக வேண்டியதுதான். இரண்டும் சேர்ந்து ஓடும்போது ஐட்லிங் ஏறியிருக்கும். இரு பக்கமும் ஒரே அளவு குறைக்க வேண்டும்.

டிராஃபியில் இந்தப் பத்தியில் பாதி தேவைப்படாது. ஒரு கேபிள், ஒரு ஸ்லைடு, ஒரு காற்றுத் திருகு.

அமால் கான்சென்ட்ரிக் கார்புரேட்டருக்கே உரிய ஒரு தொல்லை இரண்டு வண்டிக்கும் பொது. ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட் உள்ளே அடித்துப் பொருத்தப்பட்டது, கழற்ற முடியாது. வண்டி சில மாதம் நின்றால் பெட்ரோல் காய்ந்து அந்த ஓட்டையை அடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு திருகினாலும் ஐட்லிங் நிற்காது. காற்றுத் திருகைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக 78ஆம் எண் டிரில் பிட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றி உள்ளே விட்டு எடுத்தால் திறந்துகொள்ளும். மெஷினில் மாட்டித் துளைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2021இலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். நின்ற வண்டிக்கு இது இன்னும் கூடுதல் தலைவலி. இரண்டு கார்புரேட்டர் என்றால் இந்தத் தலைவலியும் இரட்டிப்பு.

ஸ்டார்ட் செய்வதில் வித்தியாசம் உண்டா?

உண்டு, சின்னது. கார்புரேட்டர் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். பெட்ரோல் கசிந்து வெளியே வரும்வரை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். பானவில்லில் இடப்பக்கம் ஒரு தடவை, சுற்றி வந்து வலப்பக்கம் ஒரு தடவை. இரண்டு விரல் நுனியிலும் பெட்ரோல் நாற்றத்தோடுதான் கையுறை போட வேண்டியிருக்கும். டிராஃபியில் ஒரு விரலோடு போயிற்று.

குளிர்ந்த வண்டியில் இன்னொன்றும் செய்ய வேண்டும். இராத்திரி முழுக்க நின்றால் கிளட்ச் தட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்வதற்கு முன், கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒன்றிரண்டு தரம் மிதித்தால் விட்டுவிடும். இதைச் செய்யாமல் முதல் கியர் போட்டால் கடகடவென்று ஒரு சத்தம், வண்டி முன்னால் துள்ளும்.

அந்தக் காலத்தில் அறிந்தவர்கள் எதை வாங்கினார்கள்?

வண்டியைத் தொழிலுக்காக ஓட்டியவர்களைப் பாருங்கள். பிரிட்டிஷ் போலீசுக்காக டிரையம்ப் தயாரித்த 650 டிஆர்6பி. செயின்ட் என்று அதற்குப் பெயர். ஒற்றைக் கார்புரேட்டர். நாள் முழுக்க மெதுவாக ஊர்ந்துவிட்டு, திடீரென்று ஒருவனைத் துரத்த வேண்டிய வண்டி அது. அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் பந்தயம் ஓடியவர்களும் டிஆர்6ஐத்தான் கையில் எடுத்தார்கள். மணலும் தூசியும் புகும் இடத்தில் இரண்டு கார்புரேட்டரை யார் கட்டி மேய்ப்பது?

ஸ்டீவ் மக்வீன் படத்தில் வேலியைத் தாண்டியது பானவில்தானே?

இல்லை, டிஆர்6 டிராஃபி. 1963இல் வந்த தி கிரேட் எஸ்கேப் படத்துக்காக அதை ஜெர்மன் ராணுவ வண்டி மாதிரி ஒப்பனை செய்திருந்தார்கள். கதை இரண்டாம் உலகப் போரில் நடக்கிறது, வண்டியோ 1960களின் ஆரம்பத்தில் வந்த டிரையம்ப். கூர்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். புகழ்பெற்ற அந்தத் தாவலைச் செய்ததும் மக்வீன் இல்லை. அவருடைய நண்பர் பட் எக்கின்ஸ். கலிஃபோர்னியாவில் டிரையம்ப் விற்றவர், பாலைவனப் பந்தய வீரர்.

மக்வீன் வெறும் சினிமா ஓட்டுநர் என்று நினைத்துவிட வேண்டாம். 1964இல் கிழக்கு ஜெர்மனியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் அமெரிக்க அணிக்காக 650 டிரையம்ப்பில் கலந்துகொண்டார். விழுந்து அடிபட்டு இடையிலேயே வெளியேற நேர்ந்தது.

அப்படியானால் பானவில்லின் புகழ் வெறும் விளம்பரமா?

அப்படிச் சொன்னால் பாவம். ஐல் ஆஃப் மேன் தீவில் 1969இல் நடந்த புரொடக்ஷன் டிடி பந்தயத்தில் (கடையில் விற்கும் மாடல்களுக்கான பந்தயம்) மால்கம் அப்ஹில் பானவில்லில் வென்றார். பந்தயம் முழுவதற்குமான சராசரி மணிக்கு 99.99 மைல். ஒரு சுற்றை 100 மைலுக்கு மேல் ஓட்டி, புரொடக்ஷன் வண்டியில் அதைச் செய்த முதல் ஆள் ஆனார். அவர் போட்டிருந்த டன்லப் கே81 டயருக்கு அதற்குப் பிறகு டிடி100 என்ற பெயரே வந்துவிட்டது. அதே வருடம் த்ரக்ஸ்டனில் 500 மைல் பந்தயத்தையும் பெர்சி டெய்ட்டுடன் சேர்ந்து வென்றார். இதற்கெல்லாம் பின்னால் இருந்தவர் டக் ஹீல் என்ற பொறியாளர். இரண்டு வண்டியும் 1966க்குப் பிறகு வளைவுகளில் ஒழுங்காக நிற்பது அவர் ஸ்டீரிங் கோணத்தை மாற்றியதால்தான்.

ஆனால் அந்தப் பந்தய பானவில்கள் பொறுக்கி எடுத்த பாகங்களை வைத்துக் கைவேலையாகக் கட்டியவை. முழு ஆக்சிலேட்டரில் மணிக்கணக்காக ஓடுவதுதான் அவற்றின் வேலை. இரண்டாவது கார்புரேட்டர் அங்கே சம்பளத்துக்கு ஏற்ற வேலை செய்தது. நம்மிடம் இருக்கும் வண்டிக்கு அந்த வேலை கிடையாது.

எந்த வருட மாடல் நல்லது?

இரண்டிலுமே 1968, 1969, 1970. அதிலும் 1970. இதில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை.

1959 முதல் வருட பானவில் சேகரிப்பவர்களின் கனவு. ஆரஞ்சும் முத்துச் சாம்பலும் கலந்த டேங்க், ஹெட்லைட்டை மூடிய பெரிய கவசம், அகலமான மட்கார்டு. வேடிக்கை என்னவென்றால், அப்போது இந்தக் கோலம் எடுபடவில்லை. பேர் பந்தய வண்டி, உருவம் குடும்பஸ்தர் வண்டி. அடுத்த வருடமே கவசத்தை எடுத்துவிட்டு, டிராஃபி போலத் தனி ஹெட்லைட் வைத்தார்கள். அழகில் பானவில் டிராஃபியைப் பார்த்துக் காப்பியடித்தது என்றுகூடச் சொல்லலாம்.

1962 வரை இன்ஜினும் கியர்பாக்ஸும் தனித்தனி. 1963இல் இரண்டையும் ஒரே கூட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பிரைமரி செயின் இரட்டைச் செயின் ஆனது. 1966இல் 6 வோல்ட் போய் 12 வோல்ட் வந்தது. இரவில் ஓட்டுகிறவர்களுக்கு அதற்கு முந்தையதைச் சிபாரிசு செய்யமாட்டேன். 1968இல் முன் சக்கரத்துக்கு 8 அங்குல இரட்டை லீடிங் ஷூ பிரேக் வந்தது. டிரம் பிரேக்கில் இதைவிட நல்லது டிரையம்ப் செய்ததில்லை. 1970இல் இன்ஜின் உள்காற்றை வெளியேற்றும் வழியை மாற்றினார்கள். ஆயில் கசிவு கணிசமாகக் குறைந்தது.

1971 மாடலை ஏன் எல்லோரும் திட்டுகிறார்கள்?

தாய் நிறுவனமான பிஎஸ்ஏவின் அம்பர்ஸ்லேட் ஹால் ஆராய்ச்சி மையத்தில் புது ஃப்ரேம் வரைந்தார்கள். நடுவில் பெரிய குழாய், அதற்குள்ளேயே இன்ஜின் ஆயில். யோசனை நல்லதுதான். வரைபடங்கள் தாமதமாக வந்தன. கடைசியில் ஃப்ரேம் மெரிடனுக்கு வந்தபோது, ஹெட்டின் மேல் உட்காரும் ராக்கர் பெட்டிகளோடு இன்ஜின் அதற்குள் நுழையவில்லை! அதற்காக ஹெட்டில் மாற்றம் செய்ய வேண்டியதாயிற்று. அதோடு சீட் உயரம் 32 அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. சராசரி உயரக்காரர் சிக்னலில் நின்றால் கால் நுனியில் நிற்க வேண்டும்.

இந்த ஃப்ரேம் இரண்டு மாடலுக்கும் வந்தது. சீட்டைப் பின்னர் தாழ்த்தினார்கள். ஓட்டத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, வளைவுகளில் பழையதைவிட உறுதியாகவே நிற்கும். கெட்ட பெயரால் விலை இன்னும் குறைவாக இருப்பது வாங்குபவருக்கு லாபம். நீளமான கால் உள்ளவர்கள் 1971க்குப் பிந்தைய ஒற்றைக் கார்புரேட்டர் வண்டியைத் தேடுங்கள். சந்தையில் ஆள் சீந்தாத நல்ல சரக்கு.

ஆயில் ஒழுகுமா?

நன்றாகப் பூட்டிய இன்ஜின் அதிகம் ஒழுகாது. இரண்டு சிலிண்டருக்கும் நடுவே முன்னும் பின்னும் நிற்கும் புஷ்ராடு குழாய்களின் அடிப்பக்க ரப்பர் வளையங்கள்தான் வழக்கமான குற்றவாளி. கீழே சொட்டும் ஆயிலை விட உள்ளே தேங்கும் அழுக்கைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

கிராங்க்குக்கு உள்ளே ஒரு குழாய் இருக்கிறது. ஆயிலில் வரும் கசடு வெளிப்பக்கம் ஒதுங்கிப் படியட்டும் என்று வைத்தது. அந்தக் கால வடிகட்டி வெறும் கம்பி வலைதான் என்பதால் அந்தக் குழாய் வேலை செய்தே தீரும். பல வருடம் ஆனால் கசடு இறுகிக் கருப்புக் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். பிறகு கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் போகாது. சுத்தம் செய்ய வேண்டுமானால் இன்ஜினைப் பிரித்து, கிராங்க்கை வெளியே எடுத்து, அடைப்புத் திருகைக் கழற்ற வேண்டும். பெயின்ட் பளபளவென்று இருக்கும் வண்டியை விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: அந்தக் குழாயைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள், பில் இருக்கிறதா? விழித்தால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

லூகாஸ் மின்சாதனங்கள் பற்றிய கேலி எல்லாம் நியாயமா?

பாதி. இந்த வண்டிகளின் மின்சாதனங்களைச் செய்த நிறுவனம் லூகாஸ், அவை அடிக்கடி காலை வாரும் என்பதுதான் கேலி. ஐம்பது வருட வயர், துருப்பிடித்த இணைப்பு, கைக்கு வந்த மாதிரி ஒட்டுப்போட்டவர்கள், எல்லாப் பழியும் லூகாஸ் தலையில். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இந்த வண்டிகளில் எர்த் ஆவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்தால் செலவு வைத்துவிடும்.

கியர் வலது பக்கமா?

ஆமாம், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் கீழே, மற்ற மூன்றும் மேலே. சென்னையில் தயாரான பழைய புல்லட்டை ஓட்டியவர்களுக்கு வலது கால் கியர் புதிதே அல்ல. மற்றவர்கள் முதல் வாரம் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார்கள். காலி மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள்.

விற்பவர் பானவில் என்கிறார். எப்படி நம்புவது?

முக்கியமான கேள்வி. பானவில் அதிக விலைக்குப் போவதால், டிராஃபியில் இரட்டைக் கார்புரேட்டர் ஹெட்டைப் பூட்டிப் பக்கவாட்டு ஸ்டிக்கரை மாற்றி விற்பது பழைய தந்திரம். மற்ற பாகமெல்லாம் ஒன்றுதான் என்பதால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது.

இன்ஜின் எண் இடது பக்கம், சிலிண்டர் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் கீழே பதிந்திருக்கும். எண்ணுக்கு முன்னால் மாடல் பெயர் வரும்: டி120, டி120ஆர், டிஆர்6ஆர் என்பது போல. ஃப்ரேமில் ஸ்டீரிங் கழுத்தின் இடப்பக்கம் இருப்பதும் அதுவேதான். 1963க்குப் பிந்தைய வண்டிகளில் இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 1969 வரை எண்ணோடு டியு என்ற எழுத்துகள் வரும். அதன்பின் இரண்டெழுத்துக் குறியீடு: முதல் எழுத்து மாதம், அடுத்தது மாடல் வருடம். ஏடி என்று இருந்தால் ஜனவரி 1970.

1969 வாக்கில் தொழிற்சாலையே உஷாராகி, எண் பதிக்கும் இடத்தில் டிரையம்ப் சின்னத்தைப் பொடிப்பொடியாக வரிசையாக வார்த்துவைத்தது. பழைய எண்ணை அராவினால் சின்னமும் சேர்ந்து அழிந்துவிடும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். அந்த இடம் மட்டும் மழமழவென்று இருந்தால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். டிரையம்ப்பின் பழைய பதிவேடுகள் இங்கிலாந்தில் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் எந்த மாடலாக வெளியே போனது என்று சான்றிதழ் தருவார்கள்.

டிராஃபி வாங்குகிறவருக்கு இந்தக் கவலை குறைவு. பானவில்லை டிராஃபி என்று சொல்லி விற்க யாருக்கும் மனசு வராது.

டிஆர்6ஆர், டிஆர்6சி என்று இரண்டு இருக்கிறதே?

ஆர் என்பது சாலை வண்டி. சி என்பது காட்டுவழிக்கு. 1960களின் கடைசியில் வந்தவற்றில் இரண்டு சைலன்சரும் இடது பக்கம் மேலே ஏறிப் போகும். பார்க்கக் கொள்ளை அழகு, தொடையில் சூடு. 1971இல் டிஆர்6ஆருக்கு டைகர் 650 என்றும் பெயர் வைத்துக் குழப்பினார்கள்.

இப்போது விற்கும் டிரையம்ப் பானவில் இதன் தொடர்ச்சியா?

பெயரால் மட்டும். மெரிடன் மூடிய 1983இல் ஜான் புளூர் என்ற கட்டட நிறுவன முதலாளி அந்தப் பெயரை வாங்கி, ஹிங்க்லியில் புதிதாகத் தொழிற்சாலை கட்டினார். 2001இல் வந்த புது பானவில் 790 சிசி. இன்றைய டி120 மாடலில் இருப்பது 1200 சிசி இன்ஜின். பஜாஜோடு சேர்ந்து இந்தியாவில் செய்யும் ஸ்பீடு 400 ஒற்றை சிலிண்டர். பழைய வண்டியின் ஒரு நட்டுகூட இவற்றில் பொருந்தாது. ஸ்பேனரும் பொருந்தாது, பழையவற்றுக்கு விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு ஸ்பேனர் செட் ஒன்று தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

650க்குப் பிறகு என்ன ஆயிற்று?

1973இல் இன்ஜினைப் பெரிதாக்கினார்கள். முதலில் 724 சிசி, சீக்கிரமே 744. இரட்டைக் கார்புரேட்டர் வண்டி டி140 பானவில், ஒற்றை டிஆர்7 டைகர். முன்னால் டிஸ்க் பிரேக். அதே வருடம் செப்டம்பரில் தொழிற்சாலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்தது. தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்து மறியல் செய்தார்கள். 1975இல் அவர்களே கூட்டுறவாக எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை. வண்டியைப் பற்றி மட்டும் சொன்னால், ஒன்றா இரண்டா என்ற வழக்கு 750இலும் அப்படியே தொடர்ந்தது, என் தீர்ப்பும் மாறவில்லை.

என்னிடம் பானவில் இருக்கிறது. ஒற்றைக் கார்புரேட்டருக்கு மாற்றலாமா?

மாற்றலாம், பலர் மாற்றியிருக்கிறார்கள். பானவில் ஹெட்டின் விலகிய வாய்களை இணைக்கும் இரண்டுக்கு ஒன்று மேனிஃபோல்டு கிடைக்கிறது. 930 கார்புரேட்டர் ஒன்றும், நேராகப் போகும் ஒரு கேபிளும் போதும். வளைவான பாதையில் கலவை போவதால் அசல் டிராஃபி அளவுக்கு மிருதுவாக வராது. ஜெட் அளவையும் பரிசோதித்து மாற்ற வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். பழைய கார்புரேட்டர்களின் ஸ்லைடு தேய்ந்து கடகடவென்று ஆடினால், எந்த டியூனிங்கும் நிற்காது. பலரும் இரட்டைக் கார்புரேட்டர் மேல் போடும் பழி உண்மையில் தேய்மானத்தின் மேல் போட வேண்டியது. புது அமால் ஜோடி இப்போதும் கிடைக்கிறது. அதை மாட்டி ஒரு சீசன் ஓட்டிய பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். கழற்றிய கார்புரேட்டர்கள், குட்டைக் குழாய்கள், கேபிள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு, என்ன ஜெட் இருந்தது என்று சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். விற்கும்போது அந்தப் பெட்டிக்குத் தனி விலை உண்டு.